பெரட்டுத் தப்பும் உலக இசையும்

மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பொழுதைத் திறந்துவைத்தது தப்புத்தான். இருட்டோடு இருட்டாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முகப்பில் தப்பு அதிரும். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை, அல்லது அரைநாள் கூலியான அரைப்பேர். அதே தப்பு சாவு வீட்டுக்கும் வந்தது, திருவிழாவுக்கும் வந்தது. மாசி பிறந்தால் காமன் பொட்டலில் ரதியையும் மதனையும் ஆடவைத்ததும் அதுதான். துரையின் நேரத்துக்கும் சாமியின் நேரத்துக்கும் பிணத்தின் நேரத்துக்கும் ஒரே தோல், ஒரே இரண்டு குச்சி. அடி மட்டும் வேறு. தேயிலைத் தோட்டத்தை ஆங்கிலத்தில் பாடிய சி. வி. வேலுப்பிள்ளை அந்த விடியற்காலைத் தப்பைத் தம் கவிதைக்குள் கொண்டுவந்தார். மலைநாட்டு மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே.

இரத்தோட்டையில் இருந்து யோசிப்பவருக்கு இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பது புத்தகக் கேள்வி அன்று. மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் வீதியில் சுமார் பன்னிரண்டு கிலோமீற்றரில் இருக்கிற ஊர் இது. கீழே மிளகு, கராம்பு, கொக்கோ. மேலே போகப் போகத் தேயிலை. ஒரு பாதை றிவஸ்டன் பக்கம் ஏறுகிறது, இன்னொன்று கம்மடுவப் பக்கம் போகிறது. 1823இல் கம்பளையில் கோப்பித் தோட்டம் போட்ட பின் தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்து, முதன்முதலில் மலையைத் தொட்ட இடம் மாத்தளை. வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் செத்தவர்கள் போக மீதிப்பேர் வந்து சேர்ந்தார்கள். அந்த நடையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட ஊர்வலம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் வந்து முடிந்தது. முதலில் நடந்து வந்தவர்களின் தலைச்சுமையில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டால், சட்டிபானை, துணிமணி, குலசாமியின் பிடிமண் என்று சொல்வார்கள். தப்பைத் தூக்கிவராத கூட்டத்துக்கும் அதன் அடி கையிலும் காதிலும் இருந்தது. மரத்துக்கும் தோலுக்கும் மலையில் பஞ்சமில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் தப்பு மிக எளிய வாத்தியம். ஒரு மரவளையம், அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், அவ்வளவுதான். இடது தோளில் வாரைப் போட்டு அணைத்துக்கொண்டு, ஒரு கையில் குட்டையான தடித்த அடிகுச்சி, மறு கையில் நீண்ட மெல்லிய சுண்டுகுச்சி. தடித்தது இடிக்கும், மெல்லியது சீறும். ஆனால் அடிக்கத் தொடங்குமுன் அதைக் காய்ச்சவேண்டும். வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தித் தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, தோல் முறுகி ‘கணீர்’ என்று பேசும்வரை காத்திருக்கவேண்டும். நக்கிள்ஸ் பக்கத்துப் பனியிலும் தூறலிலும் அந்தச் சூடு அரை மணிநேரத்துக்குத் தாங்காது. தோல் தளர்ந்து குரல் இறங்கிவிடும். அப்போது அடிப்பவர் வட்டத்திலிருந்து விலகி நெருப்பண்டைக்குப் போவார். மற்றவர்கள் அடியைக் குறைத்து ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பார்கள். அவர் திரும்பி வந்ததும் தாளம் ஏறும். ஓர் இரவு முழுக்க இப்படி ஏறியும் இறங்கியும்தான் கூத்து நடக்கும். நெருப்பும் ஈரமும்கூட அந்தத் தாளத்தில் பங்காளிகள்.

காமன் கூத்தை யாராவது ‘கலப்பற்ற பாரம்பரியம்’ என்று சொன்னால் ஒருமுறை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கச் சொல்லவேண்டும். அமாவாசை கழித்துப் பிறை தெரிந்ததும் பேய்க்கரும்பும் ஆமணக்கும் வைக்கோல்பிரியும் சேர்த்துக் காமன் கம்பம் நடுவார்கள். இரவுதோறும் பாட்டும் ஆட்டமும். ரதியும் மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாக ஆடிப்போவார்கள். தூதன் வருவான், குறவன் குறத்தி வருவார்கள், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். பௌர்ணமியில் சிவன் கண்ணைத் திறக்க மதன் எரிவான், ரதி புலம்புவாள், பிறகு அவளுக்கு மட்டும் தெரியும்படி அவன் எழுவான். கதை புராணத்துக்கதை. பாட்டோ இலாவணி மெட்டிலும் தெம்மாங்கிலும் ஒப்பாரியிலும் ஓடும். திடீரென்று சினிமா மெட்டொன்று குறுக்கே வரும். ஆர்மோனியம் கிடைத்த இடத்தில் ஆர்மோனியம், கீபோர்ட் கிடைத்த இடத்தில் கீபோர்ட். பாட்டுக்காரர் கணக்கப்பிள்ளையையும் துரையையும் சாடையாக இழுத்து நாலு வரி கட்டிவிடுவார். கேட்கிறவர்கள் யாரும் இது கலப்படம் என்று முகம் சுளித்ததில்லை.

இந்தக் கலப்புக்கு அரசியலும் தெரிந்திருந்தது. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியபோது அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் மேடையேறிப் பாடினார். சனங்களுக்குப் பழகிய மெட்டுகளை எடுத்து அதில் தொழிலாளியின் சங்கடத்தை ஏற்றினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் அந்தப் பாடல்கள் 1940இல் சிறு நூலாக அச்சேறின. கூட்டம் போட முடியாத தோட்டத்துக்குள்ளும் பாட்டு நுழையும் என்பதை அந்த அம்மாள் அறிந்திருந்தார். பழைய மெட்டு, புதிய பேச்சு, அன்றைய தொழில்நுட்பமான அச்சுப்பிரசுரம் மூன்றும் கூடிய இசை அது. அதற்கு அப்போது யாரும் தனிப்பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்தது லண்டனில். 1987 ஜூன் மாதம் சிறு இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் அங்கே ஒரு மதுக்கடையில் கூடினார்கள். செனகல், மாலி, பாகிஸ்தான், பல்கேரியா என்று நாலா திசைகளிலிருந்தும் வருகிற இசைத்தட்டுகளைக் கடைக்காரன் எந்தத் தட்டில் அடுக்குவான் என்பதுதான் அவர்களுடைய சிக்கல். ‘உலக இசை’ என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிடுவதாக முடிவாயிற்று. ஆக, கடை அலுமாரிக்கு வைத்த பெயர் இது. பின்னால் அதுவே ஓர் அழகியல்போல ஆனது: ஒரு பக்கம் வேர், மறுபக்கம் நவீனம், நடுவில் இரண்டையும் சேர்த்துவைக்கும் கலைஞர். 1999இல் டேவிட் பர்ன் என்ற அமெரிக்கப் பாடகர் இந்தப் பலகையையே வெறுப்பதாகக் கட்டுரை எழுதினார். மேற்கு அல்லாத எல்லாவற்றையும் ஒரே மூலையில் தள்ளும் ஏற்பாடு என்றார். கிராமி விருதுக்காரர்கள் 2020இல் அந்தப் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பலகையின் கீழ் தமிழ் வாத்தியமும் இடம்பிடித்தது. 1970களின் நடுவில் ஜான் மெக்லாக்லின் என்ற கிதார்க் கலைஞரோடு ஜாகிர் உசேன், எல். சங்கர், ‘விக்கு’ விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்து ‘சக்தி’ குழுவை அமைத்தார்கள். எல். சங்கரின் பிள்ளைப்பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. தந்தை லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். உலக இசைக்கு முதன்முதலாகக் கொடுத்த கிராமியை 1992இல் வாங்கிய ‘பிளனற் டிரம்’ தட்டிலும் விநாயக்ராமின் கடம் இருந்தது. மீண்டும் கூடிய சக்திக்கு 2024இல் அதே பிரிவில் விருது கிடைத்தது. மண்பானை ஒன்று உலகத்தைச் சுற்றி வந்தபோது அதைத் தட்டியவரின் பெயரும் கூடவே சுற்றி வந்தது. ஏனென்றால் கர்நாடக சங்கீத மேடையில் பக்கவாத்தியக்காரருக்கும் குரு உண்டு, பட்டம் உண்டு, கச்சேரி நோட்டீசில் ஒரு வரி உண்டு. தப்புக்கு அந்த வரி இல்லை. தப்படித்தவர் ‘தப்புக்காரன்’. எந்தக் கச்சேரிக்கும் அவர் பெயரை நோட்டீசில் போட்டதில்லை.

கரும்புக்கும் கோப்பிக்கும் றப்பருக்கும் கப்பலேற்றப்பட்ட மற்றக் கூலிச் சமூகங்கள் தங்களுக்கென்று ஒரு புதிய இசையை உண்டாக்கி அதற்குப் பெயரும் வாங்கிவிட்டன. 1845 முதல் திரினிடாட்டுக்குப் போன போஜ்புரிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கல்யாண வீட்டுப் பாட்டையும் தோலக்கையும் கரீபியத் தாளத்தோடு சேர்த்து ‘சட்னி’ என்று ஓர் இசையையே உருவாக்கினார்கள். 1970 வாக்கில் சுந்தர் போப்போ பாடிய தாத்தா பாட்டி பாட்டு அதற்குத் தலைவாசல். 1980களின் இறுதியில் துருபதி ராம்கூனாய் என்ற பெண் தாசாப் பறையை சோகா என்ற கரீபிய இசைக்குள் கொண்டுவந்தார். அந்தத் தாசாவையும் நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். ரியூனியன் தீவின் மலோயாவை யுனெஸ்கோ 2009இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதில் ஆபிரிக்க அடிமைகளின் தாளத்தோடு தமிழ்க் கூலிகளின் கோயில் மேளமும் ஊறியிருக்கிறது. மலேசியாவில் தோட்டத்திலிருந்து நகரத்துக்குத் தள்ளப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் உருமிமேளக் குழுக்கள் கட்டினார்கள், ராப்பும் பாடினார்கள். யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்து தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. மலையகத்தில் மட்டும் ஏன் அப்படியொரு பெயர் பிறக்கவில்லை?

எனக்குத் தோன்றுகிற காரணங்களில் முதலாவது, தூரம் போதாமை. திரினிடாட்காரனுக்குப் பீகார் திரும்பிப் போகமுடியாத ஊர். நினைவிலிருந்தே அவன் தன் பாட்டைக் கட்டவேண்டியிருந்தது. மலையகத்துக்குத் தமிழ்நாடு ஒரு கடல் துண்டுக்கு அப்பால். அதைவிடக் கிட்டத்தில், லயத்துக் காம்பராவிலேயே, வானொலி இருந்தது. 1952க்குப் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது தமிழகமே இலங்கை வானொலியைத்தான் காதில் வைத்துக்கொண்டது. தோட்டத்துக்கும் நகரத்துக்கும் ஒரே சினிமாப் பாட்டு, ஒரே நேரத்தில். ஏக்கத்தைத் தீர்க்க ஆயத்தமாக ஒன்று கிடைத்துவிட்டால் புதிதாக ஒன்றைச் சமைக்கும் தேவை குறைந்துபோகும்.

இரண்டாவது காரணம் கொடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக்கோச்சி. வேறு நாடுகளில் கசெட் வந்து ஊர்ப் பாடகர்களை நட்சத்திரமாக்கிய அந்த எழுபதுகளில் இங்கே பாட்டுக்காரர்கள் ட்ரங்குப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர் ஊட்டிப் பக்கம் போனார், மதன் கட்டியவர் இங்கேயே நின்றார் என்பது பல தோட்டங்களுக்குப் பொதுவான கதை. கூத்துக் கட்ட ஆள் வேண்டும், தாளம் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆள் அடுத்த மாசிக்கும் அங்கேயே இருப்பார் என்ற நிச்சயமும் வேண்டும். நாளைக்கு எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவர்களிடம் அந்த நிச்சயத்தை எதிர்பார்க்க முடியாது.

அதே காலத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்ப் பொப் பிறந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழைத் துள்ளவிட்டார்கள். ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ் சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. நல்ல கலப்புத்தான், மகிழ்ச்சியான கலப்பு. அதில் போர்த்துக்கேயக் கடலோரம் கேட்டது, சிங்கள விருந்துக் கூடம் கேட்டது. மலை கேட்கவில்லை.

மூன்றாவது காரணத்தை நம்முடைய கலை விழாக்களில் யாரும் மேடையில் சொல்வதில்லை. சாதி. தப்பு ஒரு சமூகத்தின் மேல் கட்டாயமாகக் கட்டிவிடப்பட்ட ஊழியம். சாவுக்கு அடி, சாமிக்கு அடி, ஆனால் வாசலுக்கு வெளியே நின்று அடி. படித்து முன்னேறிய பிள்ளை முதலில் கீழே வைத்தது அப்பனுடைய தப்பைத்தான். அதைப் பாரம்பரியத்தின் அழிவு என்று புலம்புகிறவர்களில் பலர் வீட்டில் யாரும் ஒருநாளும் சாவுக்குத் தப்படிக்கக் கூப்பிடப்பட்டதில்லை. அந்தப் பிள்ளையின் மறுப்பும் ஒரு கலாசாரச் செயல்தான், மரியாதைக்கான செயல்.

இதே மலைகளில் இன்னொரு மேளம் வேறு வழி போனது. கண்டிய நடனத்தின் கெட்டபெரயவும் பெரவா என்ற சாதியின் பரம்பரைக் கடமையாக இருந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு அரசும் பள்ளிக்கூடமும் சித்திரசேன போன்ற மேடைக் கலைஞர்களும் அதைத் தேசத்தின் கலையாக உயர்த்தினார்கள். இன்று விமானநிலையச் சுவரொட்டியில் சிரிப்பது அந்த மேளம். மேளம் உயர்ந்த அளவுக்கு அதைத் தலைமுறை தலைமுறையாக அடித்த குடும்பங்கள் உயர்ந்தனவா என்பது சிங்கள ஆய்வாளர்களும் கேட்டிருக்கிற கேள்வி. ஆகவே ‘தப்பையும் அப்படித் தூக்கி நிறுத்துவோம்’ என்பதோடு காரியம் முடிந்துவிடாது. மேளத்துக்குக் கிடைக்கிற மரியாதை மேளக்காரருக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

தப்பைப் பறை என்று அழைக்கும் தமிழ்நாட்டில் இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு முயற்சி 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் கூட்டிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாப் பாடகர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், கிதார், ராப் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. பெயர் அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. அதுவரை சினிமாப் பாட்டில் பறை வந்தால் ஒன்று குத்தாட்டம், இல்லை கோபம். பின்னணியில் ஒரு வாசனைபோல வந்துபோகும். இங்கே பறை முன்னால் வந்து தன் வழக்கைத் தானே பேசியது. பறை வாசிக்க மறுத்துவிட்டு வந்த பிள்ளைகளே, யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில், அதை மறுபடி கையில் எடுத்தார்கள். இந்தத் திருப்பம் மிக முக்கியமானது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டபோது அந்தப் பெயர் அரசிதழ் வரைக்கும் போய்விட்டது.

அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு என்ற இளைஞரின் பாட்டுத்தான் மலையகத்தை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது. 2021 மார்ச் 7இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அவரோடு பாடியவர் ஈழத்து வேர்கொண்ட பாடகி தீ, இசை ஆக்கம் சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964 ஒப்பந்தத்தின் கணக்கில் இந்தியப் பக்கம் விழுந்து, அரக்கோணம் பக்கம் போய்ச் சேர்ந்தவர். ஒப்பாரியும் ராப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் அந்தப் பாட்டின் அடியில் இருப்பது, காடு திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்கு ஒரு பிடி நிலம்கூட மிஞ்சவில்லை என்ற அந்தக் கிழவியின் கதை. இரத்தோட்டை பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டு ஒலித்தபோது பல பேருக்கு அது ஒரு தமிழ்நாட்டு ஹிட். இது நம்முடைய கோச்சியில் ஏறிப்போனவர்களின் பாட்டு, பேரன் வாயால் திரும்பி வந்திருக்கிறது என்று கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள்.

பாட்டு உலகப்புகழ் பெற்றதும் பழைய பிணக்கு தலைதூக்கியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு இந்தப் பாட்டைக் கொண்டாடிய அட்டையில் அறிவின் முகம் இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பிய பின் அறிவுக்கென்று தனி அட்டை ஒன்று இணையத்தில் வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. தான் எழுதி, மெட்டமைத்து, பாடி, ஆடிய பாட்டு என்று அவர் எழுதினார். மூவரும் சேர்ந்து ஆக்கியது, உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024இல் அதே சந்தோஷ், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை என்று சொன்னார். யார் எவ்வளவு ஆக்கினார் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கூட்டாக ஆக்கிய எந்தப் பாட்டிலும் அந்தக் கோட்டைக் கீறுவது கஷ்டம். ஆனால் தோட்டத்தைப் பற்றிய பாட்டிலும் பாட்டிமாரின் கதை கொண்டுவந்தவருக்கு அரைப்பேர் விழுந்ததுபோலத் தோன்றியதே, அதைத்தான் மலையகத்தில் பலர் பேசிக்கொண்டார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1939இல் தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா என்ற சூலுப் பாடகர் ஜொஹானஸ்பர்க்கில் ‘எம்பூபே’ என்றொரு பாட்டைப் பதிவுசெய்தார். அமெரிக்காவில் அது சிங்கம் தூங்கும் பாட்டாக உருமாறி, டிஸ்னி படம்வரை போய், பெரும் பணம் சேர்த்தது. லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். 1962இல் அவர் ஏழையாகச் செத்தார். மகள்மார் வழக்காடி 2006இல்தான் ஒரு தீர்வு கண்டார்கள். வேர் என்று எல்லோரும் நெகிழ்ந்து பேசும்போது மண்ணுக்கடியில் பொதுவாகக் கிடக்கும் ஏதோ ஒன்றைச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. பொதுவாகக் கிடப்பதை எவரும் தோண்டி எடுக்கலாமே. உண்மையில் அந்த வேர் ஓர் ஆள். அவருக்குப் பெயர் உண்டு, வயிறு உண்டு, அவர் அடிக்கிற அடியைப் பற்றி அவருக்கே அபிப்பிராயமும் உண்டு.

அந்த அபிப்பிராயம் எங்கே தொலைகிறது என்பதை ஒலிப்பதிவு அறையில் கண்ணால் பார்க்கலாம். தப்படிப்பவரை அழைத்துவந்து இரண்டு நிமிடம் அடிக்கவைத்து, அதிலிருந்து சுத்தமாக விழுந்த நாலு மாத்திரையை வெட்டி, லூப்பாக்கி, கணினியில் பாட்டு முழுக்க ஓடவிடுவார்கள். அடி அவருடையது. ஆனால் ஆடுகிறவனின் காலைப் பார்த்து வேகத்தை ஏற்றிய அந்த முடிவு இல்லை. தோல் தளர்ந்தபோது இறங்கிய குரல் இல்லை. பக்கத்திலிருப்பவர் விட்ட இடத்தை இட்டு நிரப்பிய சமயோசிதம் இல்லை. நெருப்பே இல்லை. தாளத்தை எடுத்துக்கொண்டு தாளக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி.

லூப்பே பாவம் என்று இதற்குப் பொருளில்லை. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாகத் திரும்பிப்போன மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்புக்காகச் சென்னையில் உருமிமேளத்தைப் பதிவுசெய்தார். அந்த உருமியை வெட்டி, அடுக்கி, திருப்பிப்போட்டு அவர் எழுப்பிய சத்தம் அதுவரை எந்த நடனக் கூடமும் கேட்டிராதது. புலம்பெயர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு, வெட்கப்பட்டு ஒளித்துவைத்த சத்தத்தை உரக்கப் போடலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து கிடைத்தது. கனடாவின் ஷான் வின்சென்ட் டி போல், யாஞ்சன் போன்றவர்கள் மிருதங்கத்தோடு ராப் பாடியபோது அந்தத் துணிச்சல் அடுத்த படிக்குப் போனது. மிருதங்கம் வெட்டி ஒட்டிய துண்டாக இல்லாமல் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் ஆளாக இருந்தது. உருமியை அடித்த சென்னைக் கலைஞர்களின் பெயர் எத்தனை ரசிகருக்குத் தெரியும் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகவே ஒரு கலப்பிசை நல்லதா என்று பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் போதும். வாத்தியக்காரர் ‘இந்த இடத்தில் இப்படி அடிக்கக்கூடாது, இது சாவு அடி’ என்று சொன்னால் பாட்டு மாறுமா? மாறும் என்றால் அது கூட்டுறவு. மாறாது என்றால் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் அது கூலிக்குப் பிடித்த தாளம், பழைய பெரட்டின் நீட்சி. கிதாரா, கணினியா, காசு யார் போட்டார்கள் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான்.

இப்போது மலையகத்துப் பிள்ளைகள் கைபேசியில் பாட்டுப் பதிந்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். திருவிழாவில் கீபோர்டும் பேண்ட் வாத்தியமும் வந்துவிட்டன. சில இடங்களில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தப்பு. மழைக்கு நனையாது, காய்ச்சவும் வேண்டாம். அதைப் பார்த்து மூக்கைச் சிந்தவேண்டியதில்லை. மீனாட்சியம்மாள் அச்சுப்பிரசுரத்துக்குப் பயப்படவில்லை. தப்பு ஏற்கனவே பெரட்டைத் தாண்டியது, ஒப்பாரிக்கோச்சியைத் தாண்டியது, லவுட்ஸ்பீக்கரையும் தாண்டியது. அதற்கு இனிப் பெரிய ஆபத்து, எல்லோரும் அதை நேசித்துக்கொண்டே அடிப்பவரின் பெயரைக் கேட்க மறப்பதுதான்.

அறிவு 2024இல் வெளியிட்ட தன் இசைத் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். பாட்டியின் பெயர் முன்னால், தான் அவளுடைய பேரன் என்பது பின்னால். ஓர் இசைத்தட்டின் அட்டையில் செய்யக்கூடிய மிகப்பெரிய காரியம் அது என்று நினைக்கிறேன். அதை இங்கேயும் செய்யலாம், பெரிய செலவில்லை. அடுத்த மாசிக்கு இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்தைப் படம்பிடிக்கப் போகிற தம்பி, தப்படித்தவரின் பெயரையும் பாட்டுவாத்தியாரின் பெயரையும் காணொளியின் முதல் வரியில் எழுதட்டும். அந்த அடியை எடுத்துப் புதிய பாட்டுக் கட்டினால் அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டட்டும். பிடிக்கவில்லை என்றால் மாற்றட்டும். காசு வந்தால் பங்கு பிரிக்கட்டும். தப்பைத் தொடமாட்டேன் என்று சொல்கிற பையனை யாரும் பாரம்பரியத்தின் பேரால் வற்புறுத்தவேண்டாம். அவனாக எடுக்கிற நாளில்தான் அது அவனுடைய வாத்தியம்.